வால்வு சூடேறும்வரை

ஜெக்கரியா பெடலை மிதிக்கவில்லை. கித்தார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் அந்தச் சின்னப் பெட்டி காலடியிலேயே இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த அட்டைப்பெட்டியோடு அறை மூலையில் கிடந்தது. ஆனாலும் கித்தாரின் மூன்றாம் தந்தியைத் தட்டியதும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்த சத்தத்தின் ஓரம் லேசாகக் கிழிந்திருந்தது.

வால்யூம் கால்வாசிகூட ஏற்றவில்லை. அந்த அளவில் சத்தம் கழுவிய கண்ணாடி போலத்தான் வரும்.

ஐப்பசி மழை இரண்டு நாளாக விடாமல் பெய்ததில் திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவே மதியம் மூன்று மணிக்கு இருண்டு கிடந்தது. பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து அவித்த நெல்லின் புழுங்கிய வாடை, நனைந்த மாடிப்படியின் வாடை, ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகள் சூடேறும்போது அதன் பின்னாலிருந்து கிளம்பும் கருகிய தூசியின் வாடை, மூன்றும் அந்த மாடி அறைக்குள் சேர்ந்து போக வழியில்லாமல் நின்றன. மெல்லிசைக் குழுவின் ஒத்திகை அறை அது. ஐம்பது நாளாக யாரும் திறக்கவில்லை. அவனும் கித்தாரைத் தொடவில்லை.

கீழே இராஜாங்கத்தின் ரேடியோ ரிப்பேர் கடை. இந்த ஆம்ப்ளிஃபயரும் இராஜாங்கம் செய்ததுதான். பழைய ரேடியோக்களிலிருந்து வால்வுகளைக் கழற்றி, தேக்குப் பெட்டியைத் தானே இழைத்து, முன்புறம் பழுப்புத் துணி ஒட்டி, ஒரு வருஷம் உட்கார்ந்து சேர்த்தது. அவனும் ஜெக்கரியாவும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். முதல் சண்டையே அந்தப் பெடலால்தான் வந்தது.

“இந்தப் பொட்டி கரகரப்ப மேல பூசுதுடா, செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி,” என்றான் இராஜாங்கம். “என் ஆம்ப்ளிஃபயர முழுசா ஏத்திப் பாரு. தாங்குற வரைக்கும் தாங்கும். தாங்க முடியாதப்ப ஒரு சத்தம் போடும். அது பொய் சொல்லாது.”

“வால்வு வெந்து போவும்டா. இதுன்னா கால வெச்சா வருது, எடுத்தா நிக்குது.”

“அதான் சொல்றேன். வலியில வர்ற சத்தம் கால எடுத்தா நிக்குமா?”

அடுத்த சண்டை வேறு. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணைகள் நிலத்தைக் கண்டவர் பேரில் எழுதி வைத்த காலம். வடகோட்டகத்துப் பண்ணை ஒரு வேலி நிலத்தை, ஏழு ஏக்கர் அளவு, தங்களிடம் பண்ணையாளாக இருந்து செத்துப்போன கிழவர் ஒருவர் பேரில் எழுதியிருந்தது. அவர் இராஜாங்கத்தின் அப்பா. விஷயம் தெரிந்ததும் இராஜாங்கம் அந்த நிலத்தைக் கேட்டுத் தாசில்தாரிடம் மனு கொடுத்தான். அந்த ஆவணியில்தான் பண்ணை வீட்டில் கல்யாணம். கச்சேரிக்கு ஜெக்கரியாவின் குழுவை அழைத்திருந்தார்கள்.

“அந்த வீட்டுக்குப் போவாதடா,” என்றான் இராஜாங்கம்.

ஜெக்கரியா போனான். ஆம்ப்ளிஃபயரையும் பெடலையும் எடுத்துக்கொண்டு போனான்.

மதியச் சாப்பாடு முடிந்து கச்சேரி தொடங்கியது. பந்தலுக்குப் பின்னால் வைக்கோல் போர்கள். அதற்குப் பின்னால் கரை தொட்டு ஓடும் வாய்க்கால். பண்ணை ஆள் ஒருவர் மேடையோரம் வந்து, “இன்னும் ஏத்துங்க தம்பி,” என்றார். ஏற்றினான். திரும்ப வந்தார். திரும்ப ஏற்றினான். மூன்றாம் முறை அவர் கேட்டபோது தன் வாசிப்பில் அவர்களுக்கு அவ்வளவு ஆசை என்று ஜெக்கரியாவுக்குப் பெருமையாக இருந்தது. பெடலை அழுத்தி ஒரே ஸ்வரத்தை இழுத்து நிறுத்தினான். அந்த ஸ்வரத்துக்குள் மனிதக் குரல் போல ஏதோ ஒன்று நெளிந்தது. பெடலின் வேலை என்று நினைத்தான். நன்றாக இருந்ததால் இன்னும் இழுத்தான்.

மறுநாள் காலை இராஜாங்கம் வாய்க்கால் மதகில் பிணமாக ஒதுங்கிக் கிடந்தான். தண்ணீரில் தவறி விழுந்ததாகப் போலீஸில் எழுதிக்கொண்டார்கள். ஐந்து வயதிலிருந்து அதே வாய்க்காலில் நீந்தியவன்.

இப்போது, மாடி அறையில், ஜெக்கரியா கித்தார் ஒயரைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினான். வால்வுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். மறுபடி அதே தந்தி. கிழிசல் இருந்தது. முன்பைவிடக் கொஞ்சம் நீளமாக, சத்தம் அடங்கிய பிறகும் ஒரு மூச்சு நேரம் தங்கியது.

பாதிவரை ஏற்றினான். கரகரப்புக்குள் ஏதோ புரண்டது. முக்கால்வரை ஏற்றினான்.

“...க்கரியா...”

வால்யூம் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினான். மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவன் பேரின் கடைசி எழுத்தை அப்படி நீட்டிக் கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான்.

படியில் காலடி கேட்டது. செங்கமலம், இராஜாங்கத்தின் மனைவி. கடையை ஒழித்துவிட்டுச் சாவியைக் கொடுத்துப்போக வந்திருந்தாள். தலை நனைந்திருந்தது.

“அண்ணே,” என்றாள். “அவரு பேசுனாரே.”

“ரேடியோ, தங்கச்சி.”

“அவரு குரலு எனக்குத் தெரியாதாண்ணே?” ஆம்ப்ளிஃபயரின் முன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “போடுங்க.”

அவன் அசையவில்லை. அவள் அழவும் இல்லை. வெறுமனே அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது நாளில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தபிறகு அவனால் மறுக்க முடியவில்லை. தந்தியைத் தட்டித் திருகை ஏற்றினான்.

பாதி. முக்கால். அதற்கும் மேல். வால்வுகள் சிவந்தன. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. தேக்குப் பெட்டி தரையில் நகர்ந்தது. சத்தம் தாங்காமல் உடைந்தது. உடைந்த இடத்தில் குரல் நின்றது.

“ஜெக்கரியா... சத்தத்தக் கொறடா... டேய்... கொறடா... நான் கத்துறது கேக்கலியாடா...”

பிறகு வாய்க்குள் தண்ணீர் போகும் சத்தம்.

பிறகு முதலிலிருந்து.

ஜெக்கரியா கித்தாரைக் கீழே வைத்தான். தந்தியில் கையில்லை. குரல் நிற்கவில்லை.

“நான் கேட்டேன், தங்கச்சி,” என்றான். சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. “அன்னிக்கே கேட்டேன். வைக்கப்போரு பின்னாடிதான் இருந்திருக்கான். அவன் கத்துறது கேக்கக்கூடாதுன்னுதான் ஏத்தச் சொல்லியிருக்கானுவ. பெடல் சத்தம்னு நெனச்சேன். நல்லா இருக்குன்னு இன்னும் இழுத்தேன். அல்லா மேல ஆணையா, எனக்குத் தெரியாது!”

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினான். இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

“உங்களத்தான் கூப்புடுறாரு,” என்றாள். “என்னைய ஒரு தடவகூடக் கூப்புடலியாண்ணே?”

பெட்டியை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

“இன்னும் உள்ள இருக்கும். ஏத்துங்க.”

“முழுசும் ஏத்தியாச்சு. இதுக்கு மேல இல்ல.”

அவள் தானே கையை நீட்டித் திருகைப் பிடித்தாள். கடைசிக் கோட்டில் அது முட்டி நின்றது. அவள் அழுத்தினாள். கோட்டைத் தாண்டித் திரும்பியது.

ஜெக்கரியா சுவரை நோக்கிப் பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினான்.

தெருவிளக்குப்போல் வால்வுகள் எரிந்தன. ஒயர் அவன் கையில் தொங்கியது. குரல் இன்னும் பக்கத்தில் வந்தது.

“கொறடா...”

“நான்தாங்க. செங்கமலம். இங்கதான் இருக்கேன்.” அவள் பெட்டியின் பழுப்புத் துணியில் கன்னத்தை வைத்திருந்தாள். துணி உப்பியது. அடங்கியது. உப்பியது. அடியிலிருந்து தண்ணீர் கசிந்து அவள் முந்தானையை நனைத்துத் தரையில் பரவியது. வாய்க்கால் வாடை. அழுகிய வைக்கோல்.

“தங்கச்சி, விடு! கைய எடு!”

அவள் எடுக்கவில்லை.

துணி கிழிந்தது.

உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. வெளுத்து ஊறிய கை. நகக்கண் முழுக்கச் சேறு. அது செங்கமலத்தின் முகத்தைத் தடவியது; அவளை அறிந்ததாகத் தெரியவில்லை. அவளைத் தாண்டிப் பெட்டியின் மேல் ஊர்ந்து, குருடனின் கைபோலத் தேடி, திருகைக் கண்டுபிடித்தது. குறைப்பதற்காக அதை இடப்பக்கம் திருகப் பார்த்தது.

அந்த ஊறிய விரல்களின் மேல் அவள் தன் இரண்டு கைகளையும் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் வலப்பக்கமே அழுத்திக்கொண்டிருந்தாள்.