சாத்துமுன் மூன்று தட்டு

காலை பதினொரு மணிக்கு வாட்ச்மேன் குளிர்கிடங்கின் பூட்டைத் திறந்தார். மின்சாரத்தைத் துண்டித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மீன் வாடை மட்டும் போகவில்லை. தகரச் சுவரில் ஊறிய வாடை, எந்தப் பினாயிலுக்கும் மசியாது.

"இங்கதான் பேசணுமா? வெளியில உக்காந்து பேசுனா வாய் சுளுக்கிக்குமா?" என்றார்.

"வெளியில லாரி சத்தம். கேக்கறவங்களுக்கு உங்க பேச்சு விழாது."

அவள் பாட்காஸ்ட் தொடங்கி இரண்டு அத்தியாயம்தான் ஆகியிருந்தது. இரண்டையும் வீட்டுச் சுவர் அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து பதிவு செய்தாள். "உள்ள யாருகிட்ட பேசுற, கரப்பான்பூச்சிகிட்டயா?" என்று அண்ணி சிரித்தாள். முதல் அத்தியாயத்தில் மைக்கை வாயோடு ஒட்டிப் பேசியதில் 'ப' வந்த இடமெல்லாம் காற்று வெடித்தது. இரண்டாவதில் ஒரு சாண் தள்ளி வைத்தாள். தேறியது.

மூன்றாவது அத்தியாயம் அண்ணனைப் பற்றியது.

இந்தக் கிடங்கில் பெட்டி தூக்கியவன். ஒரு மதியம் இதே அறைக்குள் மாட்டிக்கொண்டு விறைத்துச் செத்தான். கதவைச் சாத்துமுன் மூன்று முறை தட்ட வேண்டும், 'ஆள் இருக்கு' என்று பதில் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். அதுதான் அங்கே சட்டம். கதவுக்காரர் தட்டினார், இவன் குடித்துவிட்டு உள்ளே தூங்கிவிட்டான் என்று கம்பெனி எழுதி முடித்தது. குடித்தவன் பக்கத்தில் நின்றாலே குமட்டுகிறவன் அண்ணன். அன்றைய கதவுக்காரர்தான் இன்றைய வாட்ச்மேன். அந்தப் பொய்யை அவர் வாயாலேயே உடைக்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

வெறும் தகர அறையில் குரல் எதிரொலிக்கும். கொக்கிகளில் தொங்கிய பழைய குளிர் கோட்டுகளை எடுத்துக் கயிறு கட்டிச் சுற்றிலும் மாட்டினாள். தலையில்லாத ஆட்கள் வட்டமாக நிற்பதுபோல் இருந்தது. கதவை மூட அவர் விடவில்லை.

"உள்ளேருந்து திறக்கற குமிழ் அன்னிக்கே உடைஞ்சது. யாரும் மாத்தல."

இடுக்கில் ஒரு செங்கல்லை வைத்தார்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அன்று நடந்ததைக் கேட்டாள். அவர் மனப்பாடமாகச் சொன்னார். "மூணு தட்டு தட்டினேன். பதில் இல்ல. சாத்தினேன்."

"எத்தனை நேரம் காத்திருந்தீங்க?"

"காத்திருந்தேன்."

"எத்தனை நேரம்?"

"உங்கண்ணன் என்ன பெரிய யோக்கியனா? அன்னிக்குக் காலையில பத்துப் பேர் முன்னாடி என்னைக் கைநீட்டி அடிச்சான். அதையும் போடுவியா உன் ரேடியோவுல?"

"போடுவேன். நீங்க உண்மையச் சொன்னா இதையும் சேர்த்துப் போடுவேன்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். இனி எதுவும் பெயராது என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசி வேலை ஒன்று பாக்கி இருந்தது. வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப, அறையின் வெற்று அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். முதல் இரண்டு முறையும் மறந்து அவதிப்பட்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் பேசாம இருங்க. அசையாதீங்க."

பத்து விநாடி. லாரி இரைச்சல் நின்றிருந்தது.

இருபது.

ஹெட்போனில் ஒரு சத்தம். தகரத்தில் இரும்பு படும் சத்தம்.

டிங்.

பெட்டி இழுக்கும் கொக்கி. அண்ணனின் இடுப்பில் எப்போதும் தொங்கியது.

டிங். டிங்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். அறையில் சத்தமே இல்லை. அவள் விட்ட மூச்சு மட்டும் வெள்ளையாக நின்றது.

வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஹெட்போன் தேவைப்படவில்லை.

"நிறுத்தச் சொல்லு," என்றார் மெதுவாக. "அன்னிக்கும் இப்படித்தான் தட்டினான். அஞ்சு நிமிஷம் கிடக்கட்டும், திமிர் அடங்கட்டும்னுதான் விட்டேன். அப்புறம் சாப்பிடப் போயிட்டேன். மறந்துட்டேன்மா."

செங்கல் தரையை உரசிக்கொண்டு தானாக நகர்ந்தது.

கதவருகே இருந்தவள் அவள். ரெக்கார்டரோடு வெளியே பாய்ந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அவர் தட்டினார். உள்ளங்கைத் தட்டு. பொத், பொத், பொத்.

"ஆள் இருக்கு," என்று கேட்டது. "ஆள் இருக்கும்மா."

அவள் கை கைப்பிடிமேல் இருந்தது. திருப்பினால் போதும். மறுகையில் ரெக்கார்டரின் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐந்து நிமிடம்.

திறந்தபோது அறை வெதுவெதுப்பாக இருந்தது. வாட்ச்மேன் கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இமையில் வெள்ளையாக உறைபனிப் பொடி.

மாரடைப்பு என்றார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் அவள் சொன்னாள்: "மூணு முறை தட்டினேன் சார். பதில் இல்ல."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது.

நான்காம் நாள் மதியம் அண்ணி கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் தனியாக இருந்த அவள் அலமாரிக்குள் உட்கார்ந்து முன்னுரையைப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். வாக்குமூலம் துல்லியமாகப் பதிந்திருந்தது. அதற்குப் பின் வந்த ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டி எறிந்திருந்தாள்.

தட்டும் சத்தம் கேட்டது.

வெளியிலிருந்து. அலமாரிக் கதவில். முதலில் இரும்பு. அடுத்து உள்ளங்கை. மறுபடி இரும்பு.

மூன்று.

அப்புறம் அமைதி. பதிலுக்குக் காத்திருக்கிற அமைதி.

"ஆள் இருக்கு," என்றாள். கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு துளியும் எழவில்லை.

வெளியே யாரோ தாழ்ப்பாளை மெல்ல இழுத்துப் போட்டார்கள்.

அந்த அலமாரிக்குத் தாழ்ப்பாளே கிடையாது.