ஈரலுக்கு வெளியே ஒரு மஞ்சள் திட்டு

ஆராய்ச்சி மாணவி, ஆய்வகத்தில் எடுத்த படத்தை அக்கா வீட்டு மேசைமேல் வைத்தாள். எலியின் ஈரல் நீலமாகத் தெரிந்தது; ஓரத்தில் ஒரு மஞ்சள் திட்டு.

"மஞ்சள்தான் மூட்டுவலி மருந்து, அக்கா. இந்த எலிக்கு நான் மருந்தே கொடுக்கல. எலிகளை மாத்திட்டேன்னு சார் சொல்றார். மூணு வருஷ வேலை. நாளைக்கு ஆய்வேட்டை நிறுத்திடுவாராம்."

அந்த ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் மூலக்கூறுகளின் எடை பார்த்தவர் 'தராசு அக்கா'. உறையவைத்த ஈரலை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டினால் லேசர் புள்ளி புள்ளியாகத் தட்டும்; கிளம்பும் பொருள்களைக் கருவி எடைபோட்டு, எது எங்கே என்று படம் வரையும். அவர் காலத்தில் காகிதச் சுருளில் கோடுகள் மட்டும்தான்.

"எவனோ வேணும்னே தடவியிருக்கான்!" என்றார் அக்காவின் கணவர், அங்கே மின்பணி பார்த்து ஓய்வு பெற்றவர்.

"உங்களுக்கு ஃபியூஸ் போனாலும் சதிதான்," என்ற அக்கா, மாணவி பக்கம் திரும்பினார். "பாரும்மா, வெறும் கண்ணாடியில மஞ்சள் பளிச்னு இருக்கு. ஈரல் இருக்கிற இடத்துல மங்கல். அப்போ அது ஈரலுக்கு அடியில இருக்கு. ஒட்டினது யாரு?"

"சீவினது நான். சீவல் சுருண்டுச்சு. சார் வாங்கி ஒட்டினார்."

அக்கா அவளோடு ஆய்வகத்துக்குப் போனார்; கருவியின் பம்பு உறுமல் அவர் காலத்திலிருந்து மாறவே இல்லை.

"வா வா, தராசு!" பேராசிரியர் முழங்காலை நீவியபடி எழுந்தார்.

"சீவலை எப்படி ஒட்டுவீங்க? ஒரு தடவை காட்டுங்களேன்."

அவர் கண்ணாடியை எடுத்து வெறும் கட்டைவிரலை அழுத்தினார். அந்தச் சூட்டில்தான் உறைந்த சீவல் உருகி ஒட்டும். அந்த நாளில் அவரும் அக்காவும் அப்படித்தான் ஒட்டினார்கள். குளிரில் விறைத்த விரல்களைத் தேநீர்க் கோப்பையில் சூடாக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் கேலி செய்தபடி.

"சார், அது பூச்சு உள்ள பக்கம்," என்றாள் மாணவி மெதுவாக. "சீவல் அதுலதான் ஒட்டணும்; விரல் பின்பக்கம் வைக்கணும்."

"அட, அன்னைக்கும் நீ சொல்லித்தானே திருப்பினேன்!" அவர் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "முழங்காலுக்கு என்ன தடவுறீங்க?"

பையிலிருந்து களிம்பை எடுத்து, அதில் அதே மருந்தின் பெயரைப் படித்த பேராசிரியர், மெல்ல உட்கார்ந்தார்.

அதே ஈரலில் புதிய சீவலைக் கையுறையோடு மாணவியே ஒட்டினாள். மாலையில் வந்த படத்தில் ஈரலின் நீலம் மட்டும்தான்; மஞ்சளே இல்லை.

பேராசிரியர் படத்தை மாணவி பக்கம் நகர்த்தினார். "தப்பு என்னோடதும்மா. நாளைக்கு ஆய்வேட்டைக் கொடு. இதையும் எழுது, என் பேரோட."

"நன்றியுரையிலயா, சார்?"

"செய்முறைப் பிழைகள்ல. முதல் வரியா."