எல்லாரும் ஒரு தடவை வாங்க

துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் நேரே போய்விட்டு நேரே வீடு திரும்ப வேண்டும். விஜயராணிக்கு இது தெரியாததல்ல. ஆனால் அவள் கணவன் சரவணனுக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அவ்வளவு தூரம் போகிறோம், அப்படியே கோடியக்கரையையும் பார்த்துவிடலாம் என்று ஸ்ரீரங்கத்தில் கார் ஏறும்போதே முடிவாகிவிட்டது. அழுகைக்கும் உல்லாசத்துக்கும் சேர்த்து ஒரே டீசல். ஆறு வயது ஆதிரைக்குப் புதுத் தொப்பி வேறு.

வேதாரண்யத்தைத் தாண்டி, உப்பங்கழி ஓரத்தில் இருந்தது சுபலட்சுமியின் பழைய ஓட்டு வீடு. அவள் விஜயராணிக்குப் பெரியம்மா மகள். அவளுடைய ஒரே பையன் ரஞ்சித், எட்டு வயது, போன மாதம் அந்தக் கழியில் இறங்கியவன் கரையேறவில்லை. காரியமெல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே நடுப்பகலிலும் இருட்டு, சேற்று வாடை. கொல்லைக் கதவு மட்டும் அகலத் திறந்து கிடந்தது. நாய் வந்துவிடப் போகிறது, சாத்தட்டுமா என்று விஜயராணி கேட்டதற்கு, வேண்டாம் என்று அக்கா அவசரமாகத் தலையாட்டினாள்.

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த நேரமெல்லாம் ஆதிரை கொல்லைப் படியில் உட்கார்ந்து யாருடனோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று விஜயராணி விட்டுவிட்டாள்.

கிளம்பும்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும். வரேன் என்றும் சொல்லக்கூடாது, வாங்க என்றும் அழைக்கக்கூடாது. ஆனால் யார் வீட்டு வாசலில் நின்றாலும் அழைத்துவிட்டு வருவதே பழகிப்போன வாய் அது.

“வரோம்க்கா. எல்லாரும் ஒரு தடவை எங்க வீட்டுக்கு வாங்க.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அக்காவின் முகம் வெளுத்துப்போனது. அவள் விஜயராணியைப் பார்க்கவில்லை. கொல்லைக் கதவைப் பார்த்தாள்.

கோடியக்கரை அழகாக இருந்தது. தூரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் வரிசையாக நின்றன. கடல் அலையே இல்லாமல் படுத்துக் கிடந்தது. சரவணன் போட்டோவாக எடுத்துத் தள்ளினான். இதையெல்லாம் ரசிக்கிறோமே என்று விஜயராணிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆதிரை தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. திரும்பும்போது காரின் பின்சீட்டில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள், பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டு.

அந்த இடம் நனைந்திருந்தது.

துண்டால் துடைத்தார்கள். தஞ்சாவூர் வருவதற்குள் மறுபடி நனைந்தது. வீடு வந்து சேர்ந்த பிறகு ஹாலில் சேற்று வாடை அடித்தது. கொள்ளிடத்துக் காற்று என்றான் சரவணன். கொள்ளிடத்தில் அப்போது வெறும் மணல்தான்.

மறுநாள் சரவணன் வேலைக்குப் போய்விட்டான். சாயங்காலம், விளக்கேற்றப் போன நேரத்தில் அக்கா போன் செய்தாள். குரல் ரகசியம் பேசுவதுபோல இருந்தது.

“ராணி, ரஞ்சித்து தினமும் கொல்லைப் பக்கமா வருவான். எதுவும் பேசமாட்டான். எம் பக்கத்துல வந்து உக்காந்துட்டுப் போவான். நீங்க போனதுலேர்ந்து அவன் வரல. அங்க வந்துட்டானா?”

விஜயராணி திரும்பிப் பார்த்தாள். சோபாவில் ஆதிரை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மெத்தை அமுங்கியிருந்தது.

இல்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அது அக்காவின் பிள்ளை. தவிர, அது இந்த வீட்டில், தன் மகளுக்குப் பக்கத்தில் இருப்பதை விஜயராணியால் ஒரு நொடிகூடத் தாங்க முடியவில்லை.

“ஆமாக்கா. நீயே கூப்பிடு.” ஸ்பீக்கரைப் போட்டாள்.

“ரஞ்சித்து, அம்மா கூப்பிடறேன்டா. வீட்டுக்கு வா கண்ணு.”

ஹாலில் வாடை மூச்சு முட்டியது. அமுங்கியிருந்த மெத்தை மெல்ல எழும்பியது.

கூடவே ஆதிரையும் எழுந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

“எங்கடி போற?”

“அவனுக்குத் தனியா போகப் பயமா இருக்காம்மா. நானும் வரணுமாம்.”

விஜயராணி ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். மகளை வாரி மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள்.

“ராணி, கிளம்பிட்டானா?” போனில் அக்கா கெஞ்சினாள். “சொல்லுடி. எம்புள்ள கிளம்பிட்டானா?”

ஆதிரையின் வலது கை மட்டும் கதவுப் பக்கம் நீண்டிருந்தது. எதையோ பிடித்திருப்பதுபோல விரல்கள் மூடியிருந்தன.

விஜயராணி அந்தக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். வரவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தாள்.

எதிர்ப்பக்கமும் இழுத்தது.