ஐந்தாவது கவுன்

வெயிலில் நன்றாகக் காயவைத்த புத்தகத்தின் கடைசிப் பக்கம் மட்டும் மறுபடியும் ஈரமாக இருந்தது.

தேவமணி அதை முந்தானையால் துடைத்தாள். கப்பல் சாமான் விற்கும் கடையிலிருந்து அவள் கணவன் எபனேசர் வாங்கிவந்த புத்தகம். பக்கமெல்லாம் கனத்த அட்டை, பிள்ளைகள் கிழிக்க முடியாது. ஒரு படகு, இரண்டு மீன், மூன்று சங்கு என்று எண்ணிக்கொண்டே போகலாம். இரண்டரை வயது மகள் கிருபைக்கு இப்போதெல்லாம் அது பக்கத்தில் இல்லாவிட்டால் சோறு இறங்காது.

கடைசிப் பக்கத்தில் கடற்கரை. கைகோத்து நிற்கும் சிறுமிகள். சிவப்புக் கவுன், நீலக் கவுன், சிவப்புக் கவுன், நீலக் கவுன். ஐந்தாவது இடத்தில் கோடாக வரைந்த வெறும் உருவம். முகமும் இல்லை, நிறமும் இல்லை. கீழே, ‘அடுத்தது என்ன?’ என்று இங்கிலீஷில் அச்சிட்டிருந்தது.

"அடுத்து என்ன கலரு வரும்ட்டி?"

பிள்ளை கொடியில் தொங்கிய கிறிஸ்துமஸ் கவுனைக் காட்டியது. சிவப்பு.

தேவமணிக்குப் பெருமை பிடிபடவில்லை. அவள் பாலர் வகுப்பு டீச்சர். இந்தக் கணக்குக்கு அவள் வகுப்புப் பிள்ளைகளே திருதிருவென்று விழிப்பார்கள். கவுனை எடுத்து அப்போதே மாட்டிவிட்டாள். சிவப்புப் பொத்தான் தீர்ந்துபோனதால் கழுத்தில் ஒரு பச்சைப் பொத்தான் தைத்திருந்தாள்.

துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பிய எபனேசர் வாசலில் நின்றான்.

"ஏளா, புதுத்துணிய ஜெபம் பண்ணாமயா உடுத்திவிடுத?"

"அளவு பாக்கத்தான் அத்தான். உடனே கழத்திருவேன். மழை வருது, நீங்க போங்க."

சாத்தான்குளத்தில் அவள் அப்பா வீட்டில் புதுக் கைக்குட்டையைக்கூட ஜெபித்த பிறகே தொடுவார்கள். அவளும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பாமல் விட டீச்சருக்கு மனசு வருமா? சிவப்புக் கிரேயானைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். கிருபை அதை முஷ்டியில் பிடித்துக் கிறுக்கியது. ஒரு கோடுகூட உருவத்துக்கு வெளியே போகவில்லை.

அப்போதுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

மழை ஓட்டின்மேல் இறங்கியது. அதோடு சங்குக் கிடங்கில் சங்குக்குள் இருக்கும் சதை அழுகும்போது வருகிற நாற்றம், பாசியும் உப்பும் கலந்து, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தும் கூடத்துக்குள் மெல்ல நிறைந்து, அவள் தொண்டைவரை வந்து நின்றது. பின்கட்டில் யாரோ சின்னக் காலால் தண்ணீரை மிதித்து மிதித்து நடக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா வாரா," என்றது கிருபை.

"எந்த அக்கா?"

கரண்ட் போய்விட்டது.

காலடிச் சத்தம் கூடத்துக்குள் வந்தது. ஒரு ஆள் இல்லை. பல பேர். தேவமணி பாய்ந்து கிருபையின் கையைப் பிடித்து இழுத்தாள். யாரோ அந்தப் பக்கம் இழுத்தார்கள். விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். பட்டென்று கை அவள் பக்கம் வந்துவிட்டது. மார்போடு அணைத்துக்கொண்டாள். ஜெபிக்க வாய் திறந்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை. கைக்குள் இருந்த சின்னக் கையை மட்டும் இறுக்கிக்கொண்டாள்.

சத்தம் அடங்கியது. விளக்கு வந்தது.

புத்தகம் தரையில் விரிந்து கிடந்தது. ஐந்தாவது சிறுமிக்கு இப்போது முகம் இருந்தது. சிவப்புக் கவுன். கழுத்தில் பச்சைப் பொத்தான். அழுகிறபோது கிருபை வாயைத் திறக்கிற மாதிரியே திறந்திருந்தது.

அவளுக்குப் பக்கத்தில், நான்காவது இடத்தில், வெறும் கோட்டு உருவம்.

தேவமணியின் விரல்களைப் பிடித்திருந்த சின்ன விரல்கள் இன்னும் விடவில்லை. அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் மெல்லக் குனிந்து பார்த்தாள்.

நீலக் கவுன்.