பதினெட்டைத் தொடாத திராட்சை

சுருளிப்பட்டிச் சாலையில் பகல் வெப்பம் ஐம்பத்தொன்று. பந்தலுக்கு அடியில் இருபத்தாறு. தங்கமாயன் தன் மனைவி ராஜாமணியின் கட்டிலைத் திராட்சைப் பந்தலுக்குள் போட்டு நாற்பது நாளாகிறது. வீட்டு வெக்கையில் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். மூன்றாம் முறை விழுந்தால் எழ மாட்டாள் என்றார் டாக்டர். தங்கமாயனுக்கு அழுகை வரவில்லை. கட்டில் தூக்க ஆள் தேடப் போனார்.

ஒவ்வொரு கொடியின் தண்டிலும் ஒரு கொடிக்குளிரி வளையமாக மாட்டியிருந்தது. இலையைச் சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிப் பந்தலுக்கு மேலே தள்ளிவிடும். பள்ளத்தாக்குக்கு ஒரு வானிலை, தோட்டத்துக்கு ஒன்று, இலைக்கு ஒன்று. முதல் இரண்டையும் இனி மறந்துவிடலாம் என்றார்கள் விற்க வந்தவர்கள். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க மாட்டினார்கள். எல்லாத் தோட்டமும் தள்ளிய சூடு மேலே ஒன்றாகக் கூடி நின்றது. குமுளி மலை தாண்டி வரும் சாரல் நாலு வருஷமாக வரவில்லை. பன்னீர் திராட்சை மட்டும் சொகுசாகக் காய்த்தது.

ஆரம்பத்தில் ஆளாளுக்குக் குளிரைக் கூட்டினார்கள். ஒருவர் தள்ளிய சூடு அடுத்தவர் பந்தலில் இறங்கியது. வரப்புச் சண்டை போய் வெக்கைச் சண்டை வந்தது. மனிதர் கை படவே கூடாது, கொடி கேட்பதை மட்டும் குளிரி கொடுக்கட்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டுக் குளிரிகளின் விசையைப் பூட்ட வைத்தவர் தங்கமாயன்தான்.

இனிப்புமானியில் பழத்தின் இனிப்பு பதினெட்டைத் தொட்டால் அறுவடைக்கு ஆயிற்று என்று குளிரி நின்றுவிடும். கொடியை வெட்டிக் கவாத்து செய்தால் துளிர் விடுவதற்காக வெதுவெதுப்பு கொடுக்கும். மறுபடி குளிர்விக்கப் பிஞ்சு பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம். ராஜாமணிக்கு அவ்வளவு நாள் கிடையாது.

அதனால் பழுக்கவிடாமல் பார்த்துக்கொண்டார். இனிப்பு ஏறாதிருக்க மடை மடையாகத் தண்ணீர் விட்டார். முந்திக்கொண்ட குலைகளை அறுத்துப் புதைத்தார்.

பக்கத்துத் தோட்டத்துக் காஜா மைதீன் வரப்பில் வந்து நின்றார்.

"அண்ணே, எங்க பந்தல்ல குளிரி நேத்து நின்னுபோச்சு. அம்மாவ எங்க வைக்கிறதுன்னு தெரியல."

"இங்க கொண்டாந்து போடு."

"இங்க எத்தன நாளைக்குண்ணே?"

தங்கமாயன் இனிப்புமானியைப் பார்த்தார். பதினேழே முக்கால். காஜா மைதீனும் அதைப் பார்த்துவிட்டுக் கட்டில் எடுத்துவரப் போனார்.

படுத்தபடியே ராஜாமணி கையை உயர்த்தித் தலைக்கு மேல் தொங்கிய குலையில் ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். தங்கமாயன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். கருவிகள் வருவதற்கு முன் இந்தத் தோட்டத்தில் அறுவடை நாளைக் குறித்தது அவள் நாக்குதான். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. இனிக்குது என்று அவள் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொரு போகத்துக்கும் சாமி கும்பிட்டவர் அவர்.

"எப்படி இருக்கு?"

அவள் மெதுவாக மென்றாள். விதையையும் சேர்த்து விழுங்கினாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"புளிக்குதுங்க," என்றாள். "இன்னும் நாளாகும்."

கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகக் குளிரிகளின் இரைச்சல் அடங்கத் தொடங்கியது.