பூட்டிய அறையில் பந்தய சைக்கிள்

காலை ஆறு மணி. அப்பா போர்வையை இழுத்தார். அடியில் நின்றது துணி உலர்த்தும் ஸ்டாண்டு.

விடுமுறைப் பரிசாக ஏழு வயது மகளுக்கு வாங்கி, ஸ்டோர் ரூமில் ஒளித்து வைத்த பந்தய சைக்கிளைக் காணவில்லை. பூட்டு உடையவில்லை. ஒரே சாவி; அதுவும் இரவு முழுக்க அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

"உன் வேலைதானே?" என்று அம்மா மேல் பாய்ந்தார்.

"வேண்டாம்னு சொன்னேன்தான். கால் தரையில எட்டாதுன்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன். அதுக்காகத் திருடுவேனா?"

"வளர்ற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெருசாத்தான் வாங்கணும்!"

"அது செருப்புக்குங்க!"

பரிசு ரகசியம்தான். ஆனால் மூன்று நாளாக அதற்காக நடந்த சண்டை மாடி முழுக்கக் கேட்டிருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட மனிதர், இப்போது ஓணானையும் தொலைத்துவிட்டு நின்றார். வேறு வழியில்லாமல் அக்காவை அழைத்தார்.

அத்தை போலீஸ் இன்ஸ்பெக்டர். அன்று அவருக்கு லீவு. தூக்கம் கெட்ட எரிச்சலோடு வந்து சேர்ந்தார்.

"எப்போடா பூட்டினே?"

"ராத்திரி எட்டு மணிக்கு. அதுவரைக்கும் ரூம் திறந்துதான் கிடந்துச்சு; சாயந்திரம்கூட சைக்கிளைப் பாத்தேன்."

"லைட் போட்டியா?"

"பல்பு ஃபியூஸ். போர்வைக்குள்ள உருவம் தெரிஞ்சுது."

"தொட்டுப் பாத்தியா?"

"எதுக்குத் தொடணும்?"

அத்தை பெருமூச்சு விட்டு அம்மாவிடம் திரும்பினார். "நீ?"

"மத்தியானத்துலேர்ந்து ஆஸ்பத்திரியில டியூட்டி அண்ணி. வீட்டுக்கு வரும்போது பத்து மணி. தம்பிதான் கதவைத் திறந்தார்."

தம்பி என்றது சித்தப்பாவை. கூரியர் கம்பெனி வேலை. நாள் முழுக்க சைக்கிளில் சுற்றுகிறவர். புது சைக்கிளை அவர் ஏக்கமாகத் தடவிப் பார்த்ததை எல்லோரும் கவனித்திருந்தார்கள்.

"ஆசைப்பட்டேன். எடுக்கல," என்றார் அவர்.

சத்தத்தில் விழித்த வாண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். பைஜாமாவில் இடது முட்டி கன்னங்கரேலென்று இருந்தது.

"ஷூ பாலிஷை எங்கடி அப்பிக்கிட்டு வந்தே?" என்று அம்மா அவளையும் ஒரு பிடி பிடித்தாள்.

அத்தை முட்டியைப் பார்த்தார். பிறகு ஸ்டோர் ரூமுக்குப் போய் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பூட்டின ரூம்லேர்ந்து எதுவும் போகலடா. நீ பூட்டறதுக்கு முன்னாடியே சைக்கிள் போயிடுச்சு. ராத்திரி முழுக்க நீ காவல் காத்தது துணி ஸ்டாண்டை."

அப்பாவுக்கு முகம் செத்துப்போனது.

"அந்த நேரத்துல உன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில. அவளைச் சந்தேகப்பட்டியே, கொஞ்சமாவது யோசிச்சியா?"

"அப்போ இவன்தான்!" அப்பாவின் விரல் சித்தப்பாவிடம் தாவியது.

"சைக்கிள்ல செயின் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"அதனால பழகினவன் இடது பக்கம் நின்னுதான் தள்ளுவான். தம்பி கண்ணைக் கட்டிவிட்டாலும் அப்படித்தான் தள்ளுவான். பழகாத ஆள் வலது பக்கம் நின்னா, செயின் மை இடது கால்ல ஒட்டும். நமக்குன்னா முட்டிக்குக் கீழே ஒட்டும். முட்டியிலேயே ஒட்டணும்னா அந்த ஆள் எவ்வளவு உயரம் இருக்கணும்?"

எல்லோரும் வாண்டின் முட்டியைப் பார்த்தார்கள்.

"பள்ளிக்கூடம் லீவு. ஷூவுக்கு யாரு பாலிஷ் போடறா?" என்றார் அத்தை. பிறகு குரலைத் தணித்து, "எங்கே வச்சிருக்கேடா கண்ணு?" என்று கேட்டார்.

"லிஃப்டுக்குப் பின்னால. பழைய கட்டில் பலகை இருக்குல்ல, அதுக்கு மறைவுல."

"ஏன்டி?" அப்பாவின் குரல் உடைந்தது. "உனக்காகத்தானே வாங்கினேன்! பிடிக்கலையா?"

வாண்டு அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அழாமல் சொல்லிவிட வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை.

"சைக்கிளாலதான் கத்தறீங்கன்னு நினைச்சேன்," என்றாள் விசும்பலோடு. "அது இல்லன்னாலும் கத்தறீங்க."