சிவப்பில் நின்றவன்

சண்முகநாதனும் மீனாம்பிகையும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு பின்னேரம். கீரிமலையில் இருந்த சொந்த வீடு ஆமிக்காரரின் எல்லைக்குள் அகப்பட்டுப் போனபின், பள்ளிக்கூடத்து அகதி முகாமில் மீனாம்பிகையின் தாயோடு ஒரு வகுப்பறை மூலையில் படுத்தெழும்பியவர்கள். அரியாலையில், கண்டி வீதிச் சந்தியை ஒட்டி, கொழும்புக்குப் போய்விட்ட ஒருவரின் வீடு வெறுமையாய்க் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் யோசிக்காமல் வெளிக்கிட்டார்கள். தாய் மட்டும் முகாமை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டாள். அங்கேதான் ஊர்ச் சனம் இருக்கிறதாம்.

வீட்டுப் பூட்டின் திறப்பு அயல்வீட்டுக் கிறகோரியிடம் இருந்தது. முன்பு மின்சார வேலை செய்தவர். கரண்ட் நின்று இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்ததால் வேலை என்று ஒன்றும் இல்லை. மதிலுக்கு மேலால் திறப்பை நீட்டினார்.

"சந்தி வீடு எண்டு பயப்பிடாதேங்கோ தங்கச்சி. முந்திதான் இரைச்சல். இப்ப சைக்கிள்தானே ஓடுது. நல்லா நித்திரை கொள்ளலாம்."

சந்தி மூலையில் சிக்னல் கம்பம் இன்னும் நின்றது. மூன்று கண்ணாடிகளும் தூசி பிடித்துக் குருடாகியிருந்தன. உச்சியில் காகம் கூடு கட்டியிருந்தது. கம்பத்திலிருந்து ஒரு குழாய் இறங்கி வந்து, வீட்டு மதிலோடு பொருத்திய இரும்பு அலுமாரி ஒன்றுக்குள் நுழைந்தது. அலுமாரியின் கதவு கறள் கட்டி இறுகிக் கிடந்தது.

"விளக்கு எரியாட்டிலும் காகத்துக்கு வீடு கிடைச்சிட்டுது," என்றாள் மீனாம்பிகை. அவள் சிரித்து அவன் பார்த்தது நெடுநாளைக்குப் பிறகு.

சண்முகநாதன் பஸ் ஓட்டியவன். இப்போது சங்கக்கடையில் மூட்டை தூக்கினான். வேலை முடிந்ததும் மீனாம்பிகையைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போய், தாயைப் பார்த்துவிட்டு, மைமல் பட்டு இருளத் தொடங்கும் நேரம் திரும்புவார்கள். அந்த நேரத்தில் வீதி தனியாகக் கிடக்கும். அடுப்படிகளில் விறகு புகையும். யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெய் மணத்தோடு கடந்து போகும். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இருக்காது.

அப்படி ஒரு மைமலில்தான் அது நடந்தது.

சந்தியை நெருங்கும்போது கம்பத்தில் சிவப்பு எரிந்தது.

பெரிய வெளிச்சம் இல்லை. சாம்பலுக்குள் கிடக்கும் தணல் மாதிரி மங்கலாக. சண்முகநாதன் யோசிக்கவே இல்லை. பிறேக் பிடித்தான், கால் நிலத்தில் ஊன்றியது. சிவப்பைக் கண்டால் நிற்பது அவனுக்கு உடம்பில் ஊறிப்போன பழக்கம். நின்ற பிறகுதான் கரண்ட் இல்லாத ஊரில் இது எப்படி எரிகிறது என்ற நினைப்பு வந்தது. முதுகுக்குப் பின்னால் மீனாம்பிகை ஏதோ சொன்னாள். அவன் காதில் விழவில்லை. கண் அந்தச் சிவப்பிலேயே நின்றது.

ரயர் கருகிய மணம் ஒன்று வந்தது.

கரியர் கிறீச்சிட்டது. பாரம் அசைந்து இருந்துகொண்டது.

"போவம்," என்று பிடரிக்குப் பின்னால் மெல்லக் கேட்டது.

சிவப்பு அணைந்து பச்சை வந்தது. அவன் மிதித்தான். வழமையை விடச் சைக்கிள் கனத்தது. வாசல் படலையடியில் அவள் இறங்கியதும், விறாந்தையைக் கடந்து உள்ளே போனதும் அவனுக்குக் கேட்டது. சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

"உந்தச் சிக்னல் எரிஞ்சதைக் கண்டனியே?" என்று உள்ளே பார்த்துக் கேட்டான்.

அடுப்படியில் சட்டிமூடி ஒன்று மெல்ல நகர்கிற சத்தம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் படலை திறந்தது. மூச்சு வாங்க மீனாம்பிகை நடந்து வந்தாள். ஒரு செருப்பு காலில், மற்றது கையில்.

"என்னை விட்டிட்டு ஏன் வந்தனீங்கள்?"

அவன் எழும்பி நின்றான்.

"செருப்பு வார் அறுந்திட்டுது, இறங்கிறன் எண்டு சொன்னன். குனிஞ்சு எடுத்திட்டு நிமிர்ந்தா நீங்கள் போறியள். எவ்வளவு கூப்பிட்டன்."

"நீ ஏறினனீ."

"நான் ஏறேல்லை."

இருவரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் பார்த்தார்கள். உள்ளே இருட்டாக இருந்தது.

ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாகத் தேடினார்கள். ஒருவரும் இல்லை. அடுப்படியில் மட்டும் ரயர் கருகிய மணம் நின்றது. வெளியே போகிற பின்கதவு உள்ளால் கொழுவியபடியே இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேருக்குரிய அமைதி இருக்கவில்லை. மைமல் படுகிற நேரம் சுவரோடு சாத்திய சைக்கிளின் கரியர் தன்பாட்டில் கிறீச்சிடும், யாரோ ஏறி இருப்பதுபோல. சண்முகநாதன் முகம் கழுவக் குனிந்தால் பிடரியில் மூச்சுப் படும்.

"போவமே?"

கெஞ்சுகிற குரல். அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் அவனைக் கூடுதலாக நடுங்க வைத்தது.

மீனாம்பிகைக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. அவளுக்கு வேறொன்று நடந்தது. சாப்பாடு குறையாமலே மெலிந்தாள். சட்டைகள் தோளில் நிற்காமல் வழிந்தன. ஆஸ்பத்திரியில் உடம்புக்கு இரத்தம் காணாது என்று சொல்லிக் குளிசை எழுதினார்கள். மருந்துக் கடைகளில் அந்தக் குளிசை இல்லை. கொழும்பிலிருந்து கப்பல் வந்தால் வரும் என்றார்கள். கரியரில் அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது பின்னால் ஒன்றுமே இல்லாததுபோல் சைக்கிள் ஓடியது. அவன் அடிக்கடி ஒரு கையைப் பின்னால் விட்டு அவளது முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

"இருக்கிறன்," என்பாள் அவள். "பயப்பிடாதேங்கோ."

ஒருநாள் காலையில் அவன் மதிலடிக்குப் போய்க் கிறகோரியிடம் எல்லாவற்றையும் சொன்னான். கிறகோரி செபமாலையைக் கையில் உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வியப்பு இல்லை.

"நீர் நிண்டிட்டீர்," என்றார் கடைசியில். "இஞ்சை ஒருத்தருக்கும் உது தெரியிறேல்லை. உமக்குத் தெரிஞ்சிருக்கு."

பிறகு அவர் கதைத்தார். முன்பு பின்னேரங்களில் கரண்ட் அடிக்கடி நிற்கும். கரண்ட் நின்றால் சிக்னலும் செத்துவிடும். அப்படி ஒருநாள் பச்சை எரிகிறதே என்று ஒருவன் மனைவியை ஏற்றிக்கொண்டு சந்திக்குள் சைக்கிளை விட்டிருக்கிறான். நடுச் சந்தியில் விளக்கு அணைந்தது. குறுக்கே வந்த லொறிக்காரனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பயத்தில் கணவன் மிதித்த மிதியில் சைக்கிள் தப்பிவிட்டது. கரியரில் இருந்தவள் லொறியின் ரயரடியில் விழுந்துவிட்டாள். அவன் திரும்பிப் பார்க்காமலே வீடுவரைக்கும் போயிருக்கிறான்.

"அவள் செத்தபிறகுதான் உந்த அலுமாரியும் பற்றறியும் வந்தது. நான்தான் பூட்டினனான். கரண்ட் நிண்டாலும் விளக்கு நிக்காது. ஊரெல்லாம் இருண்டு கிடக்கும், உது மட்டும் எரியும். அப்ப சில நேரம் அந்தப் பக்கம் ஒருத்தி நிக்கிற மாதிரி இருக்கும். விளக்கு மாறுமட்டும் நிண்டிட்டு, மாறினாலும் கடக்க மாட்டாள்."

"இப்பவும் பற்றறி உள்ளுக்கு இருக்கே அண்ணை?"

கிறகோரி அலவாங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அலுமாரிக் கதவை நெம்பினார். உள்ளே வெறுமை. பற்றறிகளை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அமிலம் கசிந்த இடத்தில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. கம்பத்துக்குப் போகும் வயர்களையும் செம்புக்காக வெட்டியெடுத்திருந்தார்கள்.

"எரிய ஒண்டுமில்லை தம்பி," என்றார்.

வேறு வீடு பார்க்க வழி இல்லை. முகாமில் அவர்கள் விட்டுவந்த மூலையில் இன்னொரு குடும்பம் படுத்திருந்தது. மீனாம்பிகைதான் சொன்னாள்.

"ஏத்திக்கொண்டு வந்தது நீங்கள். ஏத்தின இடத்திலையே கொண்டுபோய் இறக்கி விடுங்கோ. நான் பக்கத்திலை நடந்து வாறன்."

"நீ வீட்டிலை நில்."

"உங்களைத் தனிய விட்டா அது உங்களைக் கூட்டிக்கொண்டு போயிடும்."

அன்று மைமலில் சைக்கிளை எடுத்தான். கரியர் கிறீச்சிட்டுத் தாழ்ந்தது. ஹாண்டிலைப் பிடித்தபடி மீனாம்பிகை பக்கத்தில் நடந்தாள். அவள் நடப்பதில் சத்தமே இல்லை. சந்தி வெறுமையாக இருந்தது. காகங்கள் அடங்கிவிட்டன.

சிவப்பு வந்தது.

அவன் காலை ஊன்றினான்.

"இறங்கு," என்றான். "அவன் உன்னைத் தேடி வரமாட்டான். நான் உன்ரை ஆள் இல்லை. இறங்கிப் போ."

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்னால் யாரோ அழுவதுபோல் மூச்சு இழுத்தது. கரியர் மேலெழுந்தது. பாரம் போய்விட்டது.

பச்சை.

"ஏறு மீனா. கெதியா."

ஏறினாள். அவன் மிதித்த வேகத்தில் சங்கிலி கதறியது. பின்னால் கை விட்டு முழங்காலைத் தொட்டான். "இருக்கிறன்," என்றாள். வீட்டுக்கு வந்து, விளக்கைக் கொளுத்தி, அவள் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். மீனாம்பிகைதான். அதே கண், அதே மூக்குத்தி. அவன் அவளைக் கட்டிப்பிடித்து அழுதான்.

அப்போது படலையில் தட்டினார்கள்.

"இஞ்சாருங்கோ. திறவுங்கோ."

மீனாம்பிகையின் குரல்.

"என்னை விட்டிட்டு வந்திட்டியள். நான் ஏற முந்தி மிதிச்சிட்டியள். திறவுங்கோ."

அவன் கைக்குள் நின்றவள் அவனது சட்டையை இறுகப் பிடித்தாள். "திறக்காதேங்கோ," என்று காதுக்குள் சொன்னாள். "உது அவள். என்னைப்போலக் கதைக்கிறாள்."

விளக்கோடு விறாந்தைக்கு வந்தான். படலைக்கு வெளியே யார் நிற்பதென்று தெரியவில்லை. படலைக் கிடுகுக்கு அப்பால் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. வேறு வழி தோன்றாமல் உரத்துக் கேட்டான்.

"கலியாணத்தண்டு கோயில் வீதியிலை மழை பெய்யேக்கை நான் என்ன சொன்னனான்?"

"'நனைஞ்சாலும் பரவாயில்லை, ஓடாதை, விழுந்திடுவாய்' எண்டு சொன்னனீங்கள்."

இரண்டு குரல்கள். ஒன்று படலைக்கு வெளியே, ஒன்று அவன் தோளுக்குப் பின்னால். ஒரு சொல் முந்தாமல், ஒரு சொல் பிந்தாமல்.

அவன் திறக்கவில்லை.

வெளியே நெடுநேரம் விசும்பல் கேட்டது. பிறகு நடந்து போகிற சத்தம். அது சந்திப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

மறுநாள் காலையில் மதிலுக்கு மேலால் கிறகோரி கேட்டார்: "தம்பி, நேற்று மைமலிலை தங்கச்சி ஏன் படலைக்கு வெளியிலை நிண்டு அழுதவ? சண்டையே?"

சண்முகநாதன் திரும்பிப் பார்த்தான். கிணற்றடியில் மீனாம்பிகை தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். நிறைந்த வாளியை ஒரே கையால் தூக்கினாள்.

அன்றும் அதற்குப் பின் பல நாட்களும் மைமல் நேரத்தில் படலையைத் திறந்துவைத்துக் காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. சந்தியில் போய் நின்றான். சிவப்பு எரியவில்லை. "மீனா" என்று இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். வீதியால் போனவர்கள் அவனை விலகிப் போனார்கள்.

வீட்டில் இருந்தவள் நன்றாகச் சாப்பிட்டாள். உடம்பு தேறியது. முகாமில் தாய் பாயோடு பாயாய்க் கிடந்தபோது இரவுபகல் பாராமல் பார்த்தாள். தாய் அவள் மடியில் தலைவைத்துத்தான் கண்ணை மூடினாள். சண்முகநாதனுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மீனாம்பிகை செய்யாத ஒன்றையும் அவள் செய்யவில்லை. அவன் மறுபடி எதையும் கேட்கவில்லை. கேட்டு, வருகிற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

குடாநாடே வெளிக்கிட்ட அந்த ஐப்பசி மழையில் அவர்களும் வெளிக்கிட்டார்கள். ஆமி வருகிறது, ஊரை விட்டு வெளிக்கிடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னது முதல்நாள் பின்னேரம். விடிகிற நேரத்திலும் கண்டி வீதியில் நகர இடமில்லை. தலையில் மூட்டையோடு, ஆட்டைப் பிடித்துக்கொண்டு, கிழவர்களைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு சனம் நாவற்குழிப் பக்கமாக அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஒருவரும் கதைக்கவில்லை. குழந்தைகள்கூட அழுது முடித்துவிட்டன. சண்முகநாதன் சைக்கிளை உருட்டினான். கரியரில் அவள் இருந்தாள்.

சந்திக்கு வந்ததும் சனம் நின்றது.

முன்னால் தடை ஏதும் இல்லை. வீதி திறந்துதான் கிடந்தது. ஆனால் சைக்கிளோடு வந்தவர்கள் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராகக் காலை ஊன்றி நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மழைக்குள் அந்தக் கம்பம் சிவந்திருந்தது.

ரயர் கருகிய மணம் எழுந்தது.

அவனுக்கு முன்னால் நின்ற சைக்கிளின் கரியர், மூட்டைக்கு மேலே இன்னும் யாரோ ஏறியதுபோல், கிறீச்சிட்டுத் தாழ்ந்தது. பிறகு அதற்கு அடுத்தது. பிறகு அதற்கும் அடுத்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒவ்வொன்றாக, வரிசையாக.

பச்சை வந்தது. சனம் தலையைக் குனிந்துகொண்டு, கூடிய பாரத்தோடு நகரத் தொடங்கியது.

சண்முகநாதனின் சைக்கிள் மட்டும் தாழவில்லை. அதில் இடம் இருக்கவில்லை.